பழைய முடிவை அழித்த விவரம்

மதிப்பிற்குரிய ஹரிஹரசுதன் சார் அவர்களுக்கு,

நேற்றைய தங்கள் தொலைபேசி அழைப்பின்பேரில் நான் செய்த வேலையை இதன்மூலம் தெரிவிக்கிறேன்.

நீங்கள் பிழையாக எழுதிய ஒரு கம்ப்யூட்டர் நிரலில் என் பெயரைப் போட்டீர்கள். நிரலையும் எழுதியவரையும் சேர்த்து எடைபோடும் ‘சரிபார்ப்பான்’ என்ற மென்பொருள், என்னை ‘நம்பத் தகாதவர்’ என்று குறித்துக்கொண்டது. மறுபடி பார்க்கச் சொல்லுங்கள் என்று உங்கள் மேசை முன் நின்றேன்.

“கோப்பு மாறலையேம்மா. கேஷ் நினைவகத்துல சேமிச்சு வச்சிருக்கிற பழைய முடிவைத்தான் அது திருப்பிச் சொல்லும். போய்க் கல்யாணத்தைப் பண்ணிக்கோ” என்றீர்கள். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள்.

அதன்பின் யாரும் எனக்கு நிரல் எழுதும் வேலை தரவில்லை. கடைசியில் கிடைத்தது, அந்தக் கேஷைத் துப்புரவு செய்யும் இந்த வேலை.

நேற்று என் குரல் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

“டைரக்டர் பதவிக்குச் சான்று கேக்கறாங்கம்மா. இருபது வருஷத்துக்கு முன்னால எனக்குக் ‘குறையற்றவர்’னு வந்திருக்கு. அதையே அனுப்பிடு, திரும்ப எதுக்குப் பாத்துக்கிட்டு?”

“பாக்கறேன் சார்” என்றேன்.

பத்தாண்டு தாண்டிய முடிவை அழிக்க எனக்கு அதிகாரம் உண்டு. என்னுடையதற்கு ஒன்பதுதான் ஆகிறது. உங்களுடையதை அழித்துவிட்டேன். சரிபார்ப்பான் இப்போது உங்கள் நிரல்களை முதல் வரியிலிருந்து வாசிக்கிறது. யார் பெயர் போட்டிருந்தாலும், எழுதிய கை எதுவென்று இன்றைய சரிபார்ப்பானுக்குத் தெரியும்.

இதை எழுதும்போது அது நீங்கள் 2049-இல் எழுதிய நிரல்களை வாசித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் என் பெயரைப் போட்டது 2051 ஜனவரியில். கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் அங்கே போய்விடும்.

இப்படிக்கு,
சு. யாழ்நிலா