கவிழ்ந்த பானை

போர் முடிந்தது, இனி இந்த நாட்டில் அடிமை என்று யாருமில்லை என்று ஒரு சிப்பாய் பருத்திக் காட்டில் வந்து சொல்லிவிட்டுப் போனதும் ஹெஸ்டர் குடிசைக்கு ஓடினாள். வாசலில் இரும்புப் பானை கவிழ்ந்து கிடந்தது. அதைச் சுற்றி உட்கார்ந்துதான் அங்கிருந்த அடிமைகள் ரகசியமாக ஜெபிப்பார்கள். முதலாளிக்குக் கேட்காதபடி குரல்களைப் பானை வாங்கிக்கொள்ளும். நிமிர்த்தினால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்து அதில் சமைத்ததே இல்லை. இன்று நிமிர்த்தினாள். கணவன் சைலஸ் கஞ்சி காய்ச்சத் தண்ணீர் கொண்டுவந்தான்.

"ஊத்திராதய்யா! இத்தனை வருஷமா நம்மளக் காட்டிக்கொடுக்காமக் கெடந்தாளே, மகராசி. மொதலாளி வித்துட்ட நம்ம மக பாடினதும் இதுக்குள்ளதான் இருக்கு."

சைலஸ் வாளியைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு, பானையின் வாயருகே காதைக் கொண்டுபோனான்.