அணைக்கக் கூடாத பெட்டி

பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கிடத்தியிருக்கிறது. மேசையில் என் மகள் பாட்டுக் கட்டும் சீக்வென்சர் என்ற மின்னிசைப் பெட்டி. அதன் பதினாறு பொத்தான்களிலும் ஒரு சிவப்பு விளக்கு ஓயாமல் தாவிக்கொண்டிருக்கிறது. எட்டு மாதமாக ஒவ்வொரு சுரமாக அவள் கோத்த பாட்டு, பாதி முடிந்த நிலையில் அதற்குள் இருக்கிறது. சேமிக்கும் வசதி பழுது. அணைத்தால் அத்தனையும் அழிந்துவிடும். பழுதைச் சரிசெய்யும் ஃபர்ம்வேர் மென்பொருளைக் கம்பெனி அனுப்பும்வரை அணைக்காமலே வைத்திருக்கிறோம். சுவிட்சின்மேல் பிளாஸ்திரி ஒட்டியவன் நான்தான். "என்ன அத்தான், பெட்டி இன்னும் ஐசியுலதானா?" என்று வாசற்படியில் நின்று சிரிக்கிறார் மைத்துனர். "எங்க வீட்டுப் பொண்ணு எடுத்ததை முடிப்பா" என்கிறேன். மேசையருகே இருக்கும் மகளின் கைப்பேசி சிணுங்குகிறது. ஃபர்ம்வேர் வந்துவிட்டது. கூடவே வந்த குறிப்பைப் படித்துக்கொண்டே போனவளின் விரல் ஒரு வரியில் நின்றுவிடுகிறது. "அப்பா," என்கிறாள், எனக்கு மட்டும் கேட்கும்படி, "முதல்ல இதை ஆஃப் பண்ணித்தான் ஏத்தணுமாம்." விளக்கு தாவிக்கொண்டேயிருக்கிறது. "என்ன, வந்துடுச்சா?" என்று எட்டிப் பார்க்கிறார் மைத்துனர். இந்த வீட்டில் பொய் புழங்காது என்று அவரிடமே எத்தனையோ முறை மார்தட்டியிருக்கிறேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு, "இன்னும் வரலை" என்கிறேன். மகள் பிளாஸ்திரியின் உரிந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுகிறாள்.