மீன் எப்படி இருக்கிறது?

“காலையிலேருந்து வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சுருண்டு கிடந்தியே, இப்ப ஹோட்டலா?” என்றான் அறைத்தோழன்.

“புதுக் கடைடா. முழு மீனை அப்படியே தணல்ல சுட்டுத் தர்றாங்களாம். வா” என்றான் நண்பன்.

வெளிநாட்டுக்குப் படிக்க வந்த நண்பனுக்குத் தினம் ஒரு நாட்டுச் சாப்பாடு. தின்பதோடு விடமாட்டான்; அங்கேயே உட்கார்ந்து ஊரிலிருக்கும் அப்பாவுக்குப் போனில் வர்ணனை வேறு.

தட்டு வந்ததும் ஆரம்பித்தான். “அப்பா, தோலு மொறுமொறுன்னு நொறுங்குது. உள்ள…” அதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினான்.

அறைத்தோழன் போனை எடுத்தான். “அங்கிள், இந்தச் சாப்பாட்டு ராமனை நீங்களாவது நாலு திட்டு திட்டக்கூடாதா? உடம்புக்கு முடியலன்னாலும் நாக்கு கேக்குது பாருங்க.”

மறுமுனையில் நண்பனின் தங்கை பதறினாள். “பேச்சை நிறுத்திடாதீங்கண்ணா! தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவுக்கு மூக்குல டியூப் வழியாத்தான் ஆகாரம். அண்ணன் சாப்பிடுறதைக் கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் ஏத்த விடுவாரு. இல்லேன்னா பிடுங்கி எறிஞ்சிடுவாரு. இப்பவே கை டியூப் பக்கம் போகுது.”

அறைத்தோழன் தட்டைத் தன் பக்கம் இழுத்து, மீனில் ஒரு விள்ளல் எடுத்தான்.

“தோல் வரைக்கும் சொன்னானா அங்கிள்? உள்ள கொதிக்குது. கொஞ்சம் பொறுங்க, ஊதிக்கிறேன்.”