நாற்பதாம் நாள் கதவு

பெண் குழந்தைக்கு நாற்பதாம் நாளில் செய்யப்படும் கத்னா என்ற பிறப்புறுப்பு வெட்டும் சடங்கைப் பற்றி, கிண்ணியாவின் அந்தத் தெருவில் ஆண்கள் கேட்பதில்லை. வெட்டுப்பட்ட பெண்களும் வாய் திறப்பதில்லை.

தன் மகளுக்கு அது வேண்டாமென்று ரிப்கா சொன்னபோது, மாமியார் ஸல்ஹா “சரி மகள்” என்றதோடு நிறுத்திக்கொண்டார். அவ்வளவு எளிதில் இணங்கியதே ரிப்காவை உறுத்தியது. நாற்பதாம் நாள் காலையில் மாமியாரின் அலுமாரியில் புதிய பிளேட் ஒன்றைக் கண்டாள்.

“இது என்னத்துக்கு மாமி?”

“புள்ளைக்குத் தலைமுடி இறக்கத்தான்.”

“அதுக்குத்தான் நேற்றே மெஷின் வாங்கியாச்சே?”

ஸல்ஹா அலுமாரியைப் பூட்டிவிட்டுப் போனார்.

விருந்துக்கு வந்த ஆண்கள் விறாந்தையில் அமர்ந்திருந்தனர். கத்னா செய்யும் ஒஸ்தா மாமி ஆட்டோவில் வந்துவிட்டதாக யாரோ சொன்னதும், ரிப்கா சமையல் நடந்த குசினியிலிருந்து ஓடினாள். தொட்டிலில் குழந்தை இல்லை. மாமியாரின் அறை உள்ளே தாழிடப்பட்டிருந்தது.

“மாமி, கதவைத் திறங்க! புள்ளையை வெட்ட விடாதீங்க!”

“மெல்லத் தட்டுங்க மகள்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “நானும் உள்ள போக ஏலாமத்தான் நிக்கிறன்.”

திரும்பினாள். கையில் பையுடன் ஒஸ்தா மாமி நின்றார். அருகில் ரிப்காவைப் பெற்ற றுமானா தலைகுனிந்து நின்றார்.

“உம்மா, நீங்களா கூப்பிட்டது?”

“நாலு சனம் என்ன கதைக்கும் மகள்...”

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஸல்ஹாவின் குரல் விறாந்தைவரை கேட்டது:

“றுமானா கொண்டுவந்த பிளேட்டை எடுத்து ஒளிச்சது நான்தான். ஆம்பிளையளும் கேளுங்க. என்னையும் வெட்டினவங்க. அந்த நோவோடதான் மூண்டு புள்ளை பெத்தனான். இவளில ஆரும் கை வைக்க ஏலாது.”