விலாவுக்குக் கீழே

பால்துரைக்கும் அவன் அண்ணன் தவசிக்கனிக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்தது. நாற்பது வருடம் கழித்து இருவரும் ஒரே நாளில் ஸ்கேன் எடுத்தார்கள். தினமும் குடிக்கிற அண்ணனுக்கு ஈரல் பழுதில்லாமல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. கல்யாண வீட்டில் சோடாகூடத் தொடாத பால்துரைக்கு அது கல்லாக இறுகத் தொடங்கியிருந்தது. "ரிப்போர்ட்ல பேரு மாறியிருக்கும்" என்று அண்ணனை இன்னும் இரண்டு ஸ்கேன் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கேயும் அதேதான். "கிருமி ஒண்ணுதான். உடம்புவாகு வேற வேற" என்றார் டாக்டர்.

அன்றோடு தவசிக்கனி குடியை விட்டுவிட்டான். பால்துரைக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. தன் வலது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்ப்பான். பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணனுக்கும் அதே இடத்தில் அழுத்துவான். எட்டாம் நாள் சாயங்காலம், வாழ்க்கையில் முதல்முறையாக ஒயின்ஷாப் வரிசையில் நின்று ஒரு குவார்ட்டர் வாங்கிவந்தான்.

"எனக்கு எதுக்குல இது? அதான் விட்டுட்டேம்லா."

பால்துரை டம்ளரில் ஊற்றினான். அவனுடைய இன்னொரு கை அண்ணனின் விலாவில் இருந்தது.

"குடிண்ணே. உனக்குத்தான் ஒண்ணும் செய்யாதே."