சுண்ணாம்பு குடிக்கும் வெடிப்பு

நாளைக்குக் கல்லறைத் திருநாள். ஐப்பசி மழை விட்டு, செந்துறைப் பக்கத்துப் பழைய மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் நெருஞ்சிப் பூக்கள் மேல் சாயங்கால வெயில் விழுகிறது. வேலிக்கு அப்பால் சுண்ணாம்புக்கல் சுரங்கப் பள்ளம். செசிலி தன் புருஷன் கல்லறைக்கு வெள்ளையடிக்கிறாள். வேலிப் பக்கமாக, தனக்கென்று விட்டிருக்கும் இடத்தில்தான் நிற்கிறாள். அந்த இடத்துக்கும் கல்லறைக்கும் நடுவே கோடையில் விழுந்த வெடிப்பு மழைக்கும் மூடவில்லை. அதில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுகிறாள்.

"என்ன அண்ணி, அண்ணனுக்கு மோரா?" கொழுந்தன் சூசை சிரிக்கிறான்.

"நானும் ஒருநாளு இங்கதான வரணும் தம்பி. அடைக்க வேணாமா?"

இரண்டாவது வாளியும் இறங்கிவிடுகிறது, வெடிப்பு நிரம்பவில்லை. சூசை வேலியோரம் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்க்கிறான். சிரிப்பு நின்றுவிடுகிறது.

"அண்ணி, ஊத்தாதீங்க. கீழ பள்ளத்துச் சுவத்துல வெள்ளையா வழியுது. வாளிய வுட்டுட்டு மெல்ல அண்ணன் கல்லறைப் பக்கம் தாண்டுங்க."