வாழை மறித்த வழி

பொம்மி என்கிற முயலுக்குக் கண் இருண்டுகொண்டே வந்தது. குளக்கரை வைத்தியர் கொக்கு ஒரு வழி சொன்னார். அவள் தோலில் துளி எடுத்து, அவளைப் போலவே ஒரு கருவை உண்டாக்கி, அதிலிருந்து கண்ணுக்கு வேண்டியதை வளர்க்கலாமாம். முழுக்க இருண்டபின் வந்தால் பலிக்காது, இன்றே வா என்றார்.

பொம்மி கிளம்பினால், வேலி வாசலில் இலையை விரித்து மறித்துக்கொண்டு நிற்கிறது வாழை. பின்னால் தோட்டமே கூடிக் கோஷம் வேறு.

"உசுருக்கு நகல் எடுக்கிறதா? ஆண்டவன் ஆளுக்கு ஒண்ணுதான் படைச்சான்!"

"அக்கா, எனக்குக் கண்ணுதான் வேணும்."

"இன்னைக்குக் கண்ணுன்னு சொல்லுவே. நாளைக்கு முழு முயலையே செஞ்சு, உறுப்புக்காக அறுப்பீங்க."

நியாயமான பயம்தான், யார் இல்லையென்றது? ஆனால் எதிரே நின்ற வாழையின் பச்சை பொம்மிக்குச் சாம்பலாகிக்கொண்டிருந்தது.

"உங்க காலடியில நிக்கிறது யாரு அக்கா?"

"என் கன்னு."

"அதுக்கு அப்பா யாரு?"

கோஷம் பட்டென்று நின்றது. கன்று அம்மாவை அண்ணாந்து பார்த்தது. அதே தண்டு, அதே இலை, நாளைக்கு அதே குலை.

"அது வேற விஷயம். அது எங்க குடும்ப வழக்கம்" என்று ஆரம்பித்த வாழை, நெடுநேரம் விளக்கியது. விளக்க எதுவும் மிச்சமில்லாதபோதுதான் இலையை ஒதுக்கிக்கொண்டது.

"சரி சரி, வழி விட்டாச்சு. போ."

வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம் அக்கா?" என்றாள் பொம்மி.